வரிக்கு மேலே ஏறி நின்ற கேப்பிட்டல் எழுத்துகள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஹால். ஜன்னலுக்கு வெளியே காற்று வேப்பமரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வரிசை வரிசையாக மேஜைகள், மேஜைக்கு ஒரு டைப்ரைட்டர், டைப்ரைட்டருக்கு ஒரு ஆள். டைப்ரைட்டிங் ஹையர், இங்கிலீஷ் பரீட்சை. கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

மணி அடிப்பதற்கு முன்னால் மெஷினைத் தட்டிப் பார்க்கக் கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். ஆளாளுக்கு ஒரு பழைய தாளைச் சொருகி, கைக்கு வந்ததைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் என் பெயரைத் தட்டினேன். ஜைனப் என்று இங்கிலீஷில். பதற்றத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை.

பெயரின் முதல் எழுத்து வரியில் உட்காரவில்லை. மற்ற எழுத்துகள் எல்லாம் ஒழுங்காகக் கீழே இருக்க, அது மட்டும் அரை எழுத்து உயரத்தில் தனியாகத் தொங்கியது. இன்னொரு தடவை தட்டினேன். இன்னும் மேலே போனது. ஷிப்ட் கீயைப் பலமாக அமுக்கினேன். பாதி தூரம் போய் அங்கேயே நின்றுவிட்டது.

டைப்ரைட்டரைத் தொட்டுப் பார்க்காதவர்களுக்காக ஒரு விளக்கம். ஒவ்வொரு அச்சுக் கம்பியிலும் ஒரே எழுத்து இரண்டு விதமாக இருக்கும். கீழே சின்னது, மேலே கேப்பிட்டல். ஷிப்ட் கீயை அமுக்கினால், தாள் சுற்றியிருக்கிற கேரேஜ் மொத்தமும் மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது கேப்பிட்டல் வந்து வரியில் விழும். கேரேஜ் பாதிதான் தூக்கினால் கேப்பிட்டல் பறக்கும். பறக்கிற எழுத்து ஒவ்வொன்றும் ஒரு தப்பு. தப்பு ஓர் அளவைத் தாண்டினால் பெயில்.

நான் பெயிலானால், என் மகளை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அப்படித்தான் பேச்சு.

மண்டிக்காரர் வீட்டு நிபந்தனை

எண்பதுகளின் கடைசி அது. பம்பாய்க்கு வியாபாரம் என்று போன என் வீட்டுக்காரர் முதல் மூன்று மாதம் பணம் அனுப்பினார், அடுத்த மூன்று மாதம் கடிதம் அனுப்பினார், அதற்கப்புறம் ஆள் அனுப்பி ‘ஒத்துவராது’ என்று சொல்லிவிட்டார். ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசித் தலாக் என்று முடித்தார்கள். கைக்குழந்தையாக இருந்த ஷமீமைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அத்தா அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

அண்ணன் பெயர் காதர். சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தார். கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிற அவருடைய பேரப்பிள்ளைகள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். பெண்பிள்ளைகளைப் பெற்றவர், கூடவே தாய், தங்கச்சி, தங்கச்சி மகள். டியூபும் செயினும் விற்று எத்தனை வயிற்றை நிரப்ப முடியும்?

ஷமீமை அம்மாவிடம் விட்டுவிட்டு டைப்ரைட்டிங் படித்தேன். லோயர் பாஸ் செய்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசாங்க ஆபீஸில் தற்காலிக டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. காலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறினால், மில்லுகளையெல்லாம் தாண்டிக் கோபுரம் கண்ணில் பட்டதுமே எழுந்து நின்றுகொள்வேன். அப்போதுதான் கூட்டத்தில் இறங்க முடியும்.

ஹையர் இங்கிலீஷ் பாஸ் செய்தால் அந்த வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வருஷக் கடைசியோடு சரி. ஏற்கெனவே ஒரு தடவை எழுதிக் கோட்டை விட்டிருந்தேன். இதுதான் கடைசி வாய்ப்பு என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு சம்பந்தம் வந்தது. சங்கரன்கோவில் பக்கம் தோல் மண்டி வைத்திருந்தவர். மனைவி இறந்துபோய்விட்டார், வளர்ந்த மகன்கள் இருந்தார்கள். அவரை நான் பார்த்ததே இல்லை. அவருடைய அக்காதான் வந்து பேசினார்.

“பொண்ணு போதும். பிள்ளைய நீங்களே வச்சுக்கிடுங்க. அவிய வீடு பூரா ஆம்பளப் பயலுவ. நாளைக்கு வளந்த பொட்டப்பிள்ளைக்கு அது சரிப்படாது பாத்துக்கிடுங்க.”

முடியாது என்றேன். வீட்டில் பல நாள் சண்டை. ஷமீம் மாமி என்று கூப்பிடுகிற மதினி பேசமாட்டார், அம்மா அழுவாள், நான் கத்துவேன். கடைசியில் ஒருநாள் அண்ணன் கடையை அடைத்துவிட்டு மத்தியானமே வந்தார்.

“தற்காலிக வேலைய நம்பி எத்தன நாளைக்கு இருப்ப ஜைனபு? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீங்க எங்கிட்டுப் போவீங்க?”

“பாஸ் பண்ணிட்டா நிரந்தரம்ணே.”

“சரி. நீ பாஸ் பண்ணிட்டன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். பண்ணலைன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது. சம்மதமா?”

சம்மதம் என்றேன். வேறு என்ன சொல்ல?

யாருக்குப் பெரிசு, யாருக்குச் சின்னது?

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கேப்பிட்டல் விதிகள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். வாக்கியத்தின் ஆரம்பம், ஆள் பெயர், ஊர் பெயர், கிழமை, மாதம். அப்புறம் ‘நான்’ என்ற சொல். ‘நான்’ எங்கே வந்தாலும் பெரிசு, ‘நீ’ நடுவில் வந்தால் சின்னது. அந்தப் பாஷைக்காரர்களின் குணத்தை இதை வைத்தே தெரிந்துகொள்ளலாம் என்று எனக்கு அப்போதே பட்டது. தமிழில் இந்த வம்பு கிடையாது. கலெக்டரும் கத்தரிக்காயும் ஒரே உயரம்.

ஆபீஸுக்குப் போன பிறகுதான் விதிகள் வேறு என்று தெரிந்தது. எங்கள் ஹெட்கிளார்க் வரதன் சார். நெற்றி நிறைய நாமம் போட்டு, கோயிலுக்குப் போய்விட்டுத்தான் ஆபீஸுக்கு வருவார். நான் டைப் அடித்துக் கொடுப்பதை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

“கலெக்டருக்குப் பெரிசு. தாசில்தாருக்குப் பெரிசு. ஹெட்கிளார்க்குக்கும் பெரிசு. பியூனுக்கு எதுக்கும்மா பெரிசு போட்ருக்கே?”

“மனுதாரருக்கு சார்?”

அவர் கொஞ்சம் யோசித்தார்.

“மனு நம்ம ஆபீஸுக்கு வந்தா சின்னது. அதே ஆள் கோர்ட்டுக்குப் போயிட்டான்னா பெரிசு.”

“சந்தேகம் வந்தா?”

“பெரிசு போட்ரு. பெரிசு போட்டு மெமோ வாங்குனவன் எவனும் கிடையாது.”

செண்பகத்தோப்புப் பக்கம் யானை இறங்கித் தென்னையைச் சாய்த்துவிட்டது என்று ஒரு கடிதம் அடித்தேன். ராத்திரி முழுக்கத் தீப்பந்தத்தோடு யானைக்கு எதிரே நின்ற பாரஸ்ட் கார்டுக்கு நான் பெரிய எழுத்துப் போட்டேன். அதைச் சுழித்துவிட்டு, மறுநாள் ஜீப்பில் வந்து பார்த்த ரேஞ்சருக்கு மட்டும் போட்டால் போதும் என்று திருப்பித் தந்தார் வரதன் சார். எனக்குச் சுரீர் என்று வந்தது. ஆனாலும் திருத்தி அடித்துக் கொடுத்தேன். தற்காலிகக்காரிக்கு என்ன கோபம் வேண்டிக்கிடக்கிறது?

தந்திதான் நியாயமானது. அதில் எல்லாமே கேப்பிட்டல். பிரசவத்துக்கும் அதே எழுத்து, சாவுக்கும் அதே எழுத்து. அதனால்தானோ என்னவோ தந்தி என்றாலே எங்கள் தெருவில் பிரித்துப் படிப்பதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

சரி, ஹாலுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்த ஷிப்ட் கீ ஏன் மாட்டிக்கொண்டது என்று சொல்ல வேண்டும்.

சந்தனமும் ஓதின தண்ணியும்

அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் பரீட்சைக்கு மெஷினை நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு இன்ஸ்டிட்யூட்டும் தன் மெஷின்களை வேனில் ஏற்றி, தார்ப்பாய் போட்டுக் கட்டி, பரீட்சை நடக்கிற ஊருக்கு அனுப்பும். எந்த மெஷினில் பழகினோமோ அதிலேயே எழுதலாம். அது ஒரு தைரியம்.

எங்கள் இன்ஸ்டிட்யூட்டை நடத்தியவர் சுப்பராஜா சார். பேச்சில் தெலுங்கும் தமிழும் இங்கிலீஷும் கலந்து வரும். படிக்க வருகிற பெண்கள் எல்லாரும் அவருக்கு ‘அம்மாயி’தான், தெலுங்கில் பெண் என்று அர்த்தம். மெஷின்கள் கிளம்பும் முன்பு வேனுக்கு எதிரே சூடம் காட்டித் தேங்காய் உடைப்பது அவர் வழக்கம். அந்தத் தடவை பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் சாரலும் காற்றுமாக இருந்தது. சூடம் நிற்கவில்லை. அதனால் பூஜையை உள்ளேயே வைத்துக்கொண்டார். ஒவ்வொரு மெஷினாகப் போய், அதற்கு நெற்றி எது என்று அவரே தீர்மானித்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தார்.

என் மெஷின் வந்ததும் நின்றார்.

“அம்மாயி, உனக்கு ஆட்சேபணை இருந்தா விட்டுருதேன். சங்கடப்படாதே.”

“எல்லாத்துக்கும் வச்சுட்டு என் மெஷின மட்டும் எதுக்கு சார் விடணும்? வைங்க.”

அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். மற்ற மெஷின்களுக்கு ஒரு விரல் சந்தனம் என்றால் என் மெஷினுக்கு ஒரு கை. இடது பக்கம் மேல் தகடு முழுக்க அப்பிவிட்டார்.

அவர் நகர்ந்ததும் அம்மா வந்தாள். ஒரு கையில் ஷமீம், இன்னொரு கையில் சீசா. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கொடுத்து ஓதி வாங்கிய தண்ணீர். ஈரத் தெருவில் அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறாள். சாருக்கு ஒரு சலாம் சொன்னாள். என்னிடம் எந்த மெஷின் என்று கேட்டாள். ‘பிஸ்மில்லா’ என்று சொல்லிச் சீசாவைச் சாய்த்தாள்.

“போதும்மா. தெளிச்சா போதும். மெஷின் துருப்பிடிச்சிரும்.”

“ஓதுன தண்ணிட்டி இது. இதுல எல்லாம் துருப்பிடிக்காது.”

சுப்பராஜா சார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். சீசா காலியாகும்வரை அம்மா நிறுத்தவில்லை.

அது அசல் சந்தனம் இல்லை. வில்லையாகக் கடையில் விற்பது. மாவும் மண்ணும் கொஞ்சம் வாசனையும் சேர்த்துப் பிடித்தது. தண்ணீர் பட்டதும் கூழாகி, பக்கவாட்டில் வழிந்து, ஷிப்ட் கீயிலிருந்து கேரேஜுக்குப் போகிற கம்பிகளுக்குள் இறங்கியிருக்கிறது. பிறகு தார்ப்பாய்க்கு அடியில் விடியும்வரை காய்ந்து, சிமெண்ட் பூசின மாதிரி பிடித்துக்கொண்டது. மற்ற மெஷின்களில் சந்தனம் வைத்த இடத்திலேயே பொருக்காக நின்றது. ஒருவர் மட்டும் எனக்காக வேண்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டு பேரும் மனசு நிறைய வேண்டியதுதான் வினை.

இதையெல்லாம் ஹாலில் வைத்து, ஷிப்ட் கீயின் கீழே மஞ்சளாகக் கட்டியிருந்ததைப் பார்த்ததும்தான் புரிந்துகொண்டேன். நகத்தால் சுரண்டினேன். மேலே இருந்தது வந்தது, உள்ளே இருந்தது வரவில்லை.

பத்து நிமிஷம்

கையைத் தூக்கினேன். கண்காணிக்க வந்திருந்த மேடம் அருகில் வந்தார்.

“மேடம், ஷிப்ட் தூக்கல. ஸ்பேர் மெஷின் ஒண்ணு எங்களோடது இருக்கு.”

“அதைச் செட்டியார்பட்டிப் பையனுக்குக் கொடுத்தாச்சும்மா. அவன் மெஷின்ல ரிப்பன் நகரல.”

இரண்டு வரிசைக்கு முன்னால் அந்தப் பையன் உட்கார்ந்து ஸ்பேர் மெஷினில் பொரி வறுக்கிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தான். அவன் மேல் எனக்கு வந்த ஆத்திரம் நியாயமே இல்லாதது. ஆனாலும் வந்தது.

“எங்க சாரைக் கொஞ்சம் உள்ள கூப்பிடலாமா மேடம்? துடைச்சா போதும்.”

“வெளி ஆள் யாரும் வரக்கூடாது. மெஷினுக்கு உங்க இன்ஸ்டிட்யூட்தான் பொறுப்பு. இன்னும் மூணு நிமிஷத்துல மணி அடிச்சிருவாங்க.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே சுப்பராஜா சார் குடையோடு நின்றார். பக்கத்தில் அம்மா, ஷமீமைத் தூக்கிக்கொண்டு. நான் பார்ப்பதைப் பார்த்ததும் சார் கையெடுத்து வானத்தைக் கும்பிட்டார். அம்மா இரண்டு கைகளையும் ஏந்த முடியாமல் ஒரு கையை மட்டும் ஏந்தினாள். நான் ஷிப்ட் கீயைச் சுட்டிக்காட்டி, உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தேன். ‘எல்லாம் தயார்’ என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, சார் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுதால் கண் மறைக்கும் என்று அடக்கிக்கொண்டேன். தலையில் எண்ணெய் நிறைய வைத்திருந்தேன். விரலைக் கூந்தலுக்குள் விட்டுத் துழாவி, அந்த எண்ணெயைக் கம்பிகளின் மேல் தேய்த்தேன். மறுபடி, மறுபடி. இப்போது தூக்கிய கேரேஜ் ஒழுங்காகக் கீழே இறங்கியது. ஏறுவதற்குத்தான் இன்னும் முரண்டு பிடித்தது. சுண்டுவிரலுக்கு அசையவில்லை. உள்ளங்கையின் ஓரத்தால் இஞ்சி நசுக்குகிற மாதிரி ஓங்கி அழுத்தினேன். முழுசாக ஏறியது. ‘ஜைனப்’ அடித்தேன். முதல் எழுத்து வரியில் உட்கார்ந்தது.

மணி அடித்தது.

கேள்வித்தாளைத் திருப்பினேன். பத்து நிமிஷத்தில் ஒரு பாராவை அடித்து முடிக்க வேண்டும். யார் தயாரித்த பாராவோ தெரியாது. ஒரு மந்திரி ரயிலேறி ஊர் ஊராகப் போகிறார், போகிற இடமெல்லாம் அணையைத் திறக்கிறார், கூடவே இன்ஜினீயர்கள், செயலாளர்கள். வரிக்கு வரி ஊர்ப் பெயர், பதவிப் பெயர். மற்றவர்களுக்கு அது சாதாரணப் பாரா. எனக்கு அந்தத் தாளில் கேப்பிட்டல் மட்டும்தான் கண்ணில் பட்டது.

டைப் அடிக்கும்போது கை கீபோர்டை விட்டு நகரக் கூடாது. பார்க்காமல் அடிக்கிறோம் இல்லையா, விரல்கள் தங்கள் இடத்தில் இருந்தால்தான் எழுத்து சரியாக வரும். நான் ஒவ்வொரு கேப்பிட்டலுக்கும் கையைத் தூக்கி, உள்ளங்கையால் அறைந்து, மறுபடி பழைய இடத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டியிருந்தது. ஒரு தடவை ஒரு கீ தள்ளி வைத்துவிட்டேன். ஒரு வார்த்தை மொத்தமும் கிறுக்கலாக வந்தது. திருத்த நேரம் இல்லை. விட்டுவிட்டு ஓடினேன்.

வரி முடியும்போது மெஷினில் ஒரு சின்ன மணி அடிக்கும். பக்கத்து மேஜைக்காரியின் மணி என் மணிக்கு முன்னால் அடித்தது. அடுத்த வரியிலும் அதேதான். ஆபீஸில் நாள் முழுக்க அடித்துப் பழகியவள் நான். வேகத்தில் அவளெல்லாம் எனக்குச் சமமே இல்லை. அவள் முந்திப் போய்க்கொண்டே இருந்தாள். இப்படியே போனால் பாராவை முடிக்கவே முடியாது என்று தெரிந்துவிட்டது.

சில கேப்பிட்டல்களைக் கைகழுவ வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். எதை விடுவது? தப்பு என்ற கணக்கில் எல்லாம் ஒன்றுதான். வாக்கியத்தின் ஆரம்பத்தை விட மனசு வரவில்லை. ஊர்ப் பெயரையும் சின்ன எழுத்தில் அடிக்கக் கை வரவில்லை. பதவிகளைச் சின்னதாக்கக் கை நன்றாகவே வந்தது. மந்திரியைச் சின்ன எழுத்தில் அடித்தேன். தலைமை இன்ஜினீயரை, செயலாளரை, அரசாங்கத்தையே சின்ன எழுத்தில் அடித்தேன். வரதன் சார் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

வேகம் திரும்பியது. பக்கத்து மணியும் என் மணியும் சேர்ந்து அடிக்க ஆரம்பித்தன. ஆனால் அந்த மந்திரி ரயிலை விட்டு இறங்குகிற வழியைக் காணோம். ஒவ்வொரு வரியிலும் வந்தார். ஒவ்வொரு தடவை அவரைச் சின்னதாக்கும்போதும் எனக்கு ஒரு தப்பு. எத்தனை ஆச்சு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தவளுக்கு நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டது. அளவைத் தாண்டிவிட்டேனா, இன்னும் மிச்சம் இருக்கிறதா? தெரியவில்லை. கடைசி வரிகளில் பயந்துபோய் அவருக்குப் பதவியைத் திருப்பிக் கொடுத்தேன். கை வலிக்க வலிக்க அறைந்தேன்.

கடைசிப் புள்ளியை வைக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. புள்ளி முன்பா, மணி முன்பா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. கண்காணிப்பாளர் மேடம் தாளை உருவிக்கொண்டு போய்விட்டார். உள்ளங்கை ஓரம் கன்றிச் சிவந்திருந்தது. மத்தியானம் இன்னொரு பேப்பர். கடிதமும் அட்டவணையும் அடிக்க வேண்டும். அதில் நேரம் தாராளம், அதைப் பற்றிக் கவலை இல்லை.

அதையும் முடித்துவிட்டு நான் கேட்டைத் தாண்டியதும் சாரும் அம்மாவும் ஓடிவந்தார்கள்.

“எப்படி அம்மாயி? சந்தனம் கைவிடலையே?” என்றார் சார்.

“தண்ணி வேலை செஞ்சுதாட்டி?” என்றாள் அம்மா.

“ரெண்டும் நல்லா வேலை செஞ்சுச்சு” என்றேன். உண்மையைச் சொன்னால் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுவார்கள். ஷமீமை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை

ரிசல்ட் வருவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆபீஸில் டைப் அடிக்கும்போதெல்லாம் அந்தத் தப்புகளை மறுபடி எண்ண ஆரம்பித்துவிடுவேன். ஒரு நாள் பாஸ் என்று தோன்றும். மறுநாள் பெயில் என்று நிச்சயமாகத் தெரியும். மண்டிக்காரர் வீட்டில் அவசரப்பட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும், அவருடைய அக்காவும் உறவுக்காரர் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். நான் ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தேன். அண்ணன் போடச் சொல்லியிருந்தார்.

ஆண்கள் முன்னறையில் உட்கார்ந்தார்கள். நாங்கள் திரைக்கு இந்தப் பக்கம். அந்த அக்கா எங்களோடு பாயில் இருந்தார்.

“ரிசல்ட் ரிசல்ட்டுனு எம்புட்டு நாளைக்குப்பா இழுக்கிறது?” என்று ஒருவர் கேட்டது காதில் விழுந்தது. “இன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லிருங்க. இல்லன்னா நாங்க வேற இடம் பாக்கோம்.”

அண்ணன் திரையைப் பார்த்து, “என்ன ஜைனபு?” என்றார். அவர் குரலில் அதட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. ரிசல்ட் வரட்டும் என்று எத்தனை தடவைதான் சொல்வது?

“சரி,” என்றார் அண்ணன். “வார பிறையில நிக்காஹ்...”

வாசலில் சைக்கிள் ஒன்று சாய்ந்து விழுகிற சத்தம். ஸ்டாண்ட் போடக்கூடப் பொறுமை இல்லாமல், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சுப்பராஜா சார் நிலைப்படியில் வந்து நின்றார்.

“காதர் பாய்! அம்மாயி எங்க? பாஸ்!”

“எது சார்?”

“எதுன்னா? ஹையர் இங்கிலீஷு! இப்பதான் வந்துச்சு. ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் வாரேன்.”

சுவரைப் பிடித்துக்கொண்டேன். அம்மா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் பேசியது பாயில் இருந்த அந்த அக்காதான்.

“பாஸ் பண்ணுனது நல்லதுதான. தாராளமா வேலைக்குப் போகட்டும், அவிய ஒண்ணும் சொல்ல மாட்டாவ. சம்பளமும் வரும். பிள்ளைய மட்டும் இங்க விட்டுட்டா போதும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் பாஸ் செய்ததையும் சேர்த்து அவர்கள் கணக்கில் எழுதிக்கொண்டுவிட்டார்கள். அண்ணன் என்ன சொல்லப்போகிறார்? நல்ல இடம், இப்போது கூடுதல் நல்ல இடம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டில் அம்மா உட்பட எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

அண்ணன் கனைத்தார்.

“அவ பாஸ் பண்ணிட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன். இனிமே எங்கிட்டக் கேக்காதீங்க. அவகிட்டயே கேட்டுக்கிடுங்க.”

இத்தனை வருஷத்தில் அண்ணன் எனக்கு எத்தனையோ செய்திருக்கிறார். அன்று செய்தது மாதிரி ஒன்று செய்ததில்லை.

“என்னம்மா சொல்லுத? பிள்ளையில்லாம வர மாட்டியா?” என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள்.

“பிள்ளையில்லாம வர மாட்டேன்னு சொல்லல,” என்றேன். “நான் வரவே மாட்டேன்.”

போட்டு வைத்த டீயைத் தொடாமல் கிளம்பிப் போனார்கள். என்ன நடந்தது என்று ஒன்றும் புரியாத சுப்பராஜா சார், குளிரில் நடுங்கிக்கொண்டு இரண்டு டம்ளர் டீயைக் குடித்தார். அண்ணன் அவருக்குத் துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தார்.

நான் அடுப்படிக்குப் போய் நின்றேன். ஷமீம் பின்னாலேயே வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். யாருக்கும் கேட்கக் கூடாது என்கிற மாதிரி, காதோடு வாயை வைத்துக் கேட்டாள்.

“அப்பம் மாமிய அம்மான்னு கூப்புட வேண்டாமா?”

“என்னது?”

“அந்த வீட்டுக்காரவுக வந்தா, மாமிதான் அம்மா. உன்ன மாமின்னுதான் சொல்லணுமாம். நீ ஆபீஸ் போன பொறவு தெனமும் சொல்லிச் சொல்லிப் பழகுனேன்.”

சொல்லிக்கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. அதற்கப்புறமும் கேட்டதில்லை.

“வேண்டாம்,” என்றேன். “எப்பவும் போல என்னையவே கூப்பிடு. எங்க, இப்பம் கூப்பிடு பாப்போம்.”

“மா...” என்று ஆரம்பித்தவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, தப்பாகிவிட்டதோ என்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “அம்மா” என்றாள்.

தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். வளர்ந்த பிள்ளை, நன்றாகக் கனத்தாள். அன்று பொழுது சாயும்வரை அவளைக் கீழே இறக்கிவிடவில்லை.